யானை இல்லாத கடிதம்

பிப்ரவரி 11

மாட்சிமை தங்கிய நீதிபதி அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே என் மூட்டுகளைத் தவிர அனைவரும் நலம். அங்கே உன் மூட்டுகளும் அவற்றோடு சேர்ந்து நீயும் நலமா?

இருபத்தாறு கட்டடங்களின் லிஃப்டுகளை மேலும் கீழும் ஆட்டிவைத்த உன் தாய்மாமன் ராஜ்யத்தை இழந்துவிட்டான். எங்கள் கம்பெனி லிஃப்ட் பராமரிப்பை ஒரு கான்ட்ராக்டரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது. அதே வேலை, அதே ஸ்பானர், சட்டை மட்டும் வேறு நிறம். பழைய சட்டையைக் கழற்றியபோது அதோடு சேர்ந்து இன்சூரன்ஸும் கழன்றுவிட்டது.

அன்றிலிருந்து ஏஜென்ட் வேட்டை. முதலாமவர் வீட்டுக்கே வந்து, "ஒங்களப் பாத்தா முப்பது வயசுதான் சார் சொல்லுவாங்க" என்று காப்பி குடித்தார். முடக்குவாதம் என்றேன். மனிதர் இறங்கி ஓடிய வேகத்தில் மாடிப்படியில் தீப்பொறி பறந்தது. இரண்டாமவர் ஒரு பிரீமியம் சொன்னார். அவ்வளவு பணம் என்னிடம் இருந்தால் நானே ஓர் ஆஸ்பத்திரி கட்டி, அதற்கு நானே லிஃப்ட் போட்டு, நானே போய்ப் படுத்துக்கொள்வேன். மூன்றாமவர் போனிலேயே, "வியாதி இல்லாதவங்களுக்குத்தான் சார் பாலிசி" என்றார். "அப்ப வயிறு நெறஞ்சவனுக்குத்தான் ஓட்டல்ல சோறு போடுவீங்களா?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

நீதான் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுன்டரில் அமர்ந்து ஆட்சி செய்கிறாயே. நாடிழந்த இந்த மன்னனை ஏற்க ஒரே ஒரு கம்பெனி கிடைக்காதா?

இப்படிக்கு,
ஏழாம் மாடி முதல் பாதாளம் வரை ஆண்ட
உன் மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தில் மூன்று யானை. தீப்பொறி ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று, இருபத்தாறு கட்டடம் ஒன்று. உங்கள் பொறுப்பில் இருந்தது ஒன்பது கட்டடம்தான் என்கிறாள் அம்மா. லிஃப்டில் யானையை ஏற்றிப் போன கதையை என்றைக்குச் சொன்னீர்களோ, அன்றிலிருந்து நம் வீட்டில் உங்கள் பொய்க்குப் பெயர் யானை. எண்ணுகிற வேலையும் நீதிபதிப் பட்டமும் எனக்கு. இன்னும் ஓய்வு கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்.

ஒரு கம்பெனி கிடைத்திருக்கிறது. பிரீமியம் அதிகம்தான், ஆனால் கட்டக்கூடிய அதிகம். விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பிவிட்டேன். அவர்களுடைய டாக்டர் உங்களைப் போனில் கூப்பிடுவார். பேசுவதைப் பதிவு செய்வார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யானைகளை வாசலிலேயே கட்டிவிட்டுப் பேசுங்கள் மாமா, கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? பேனா பிடிக்க முடிகிறதா? பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊசி போடுகிறீர்களா இல்லையா? போனமுறை கேட்டதற்கும் பதில் இல்லை.

அன்புடன்,
நீதிபதி


மார்ச் 6

வாழ்க நீதி! வளர்க அதன் மூக்குக் கண்ணாடி!

பேரரசர்கள் பெரிதாகத்தான் எழுதுவார்கள். எறும்பு மாதிரி எழுத நான் என்ன குமாஸ்தாவா?

டாக்டரம்மா கூப்பிட்டார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, பாவம், காலையிலிருந்து யாரும் அவரைச் சிரிக்க வைக்கவில்லை. அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"நான் பிடிக்கறத நிறுத்துனா வானத்துல மேகமே இருக்காதுங்கம்மா."

"மது?"

"ஆறு, குளம் எதையும் மிச்சம் வெக்கறதில்ல."

"இதுக்கு முன்னாடி பெரிய விபத்து ஏதாவது?"

"ரெண்டு தடவ செத்துருக்கேன். அங்கயும் லிஃப்ட் ரிப்பேராம், திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறீங்களா?"

"என்னப் பாத்துத்தான் ஊர்க் கடிகாரமே ஓடுது."

அம்மணி சிரிக்கவே இல்லை. தட்டச்சு செய்கிற சத்தம்தான் மழை மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ரசித்திருப்பார். பாலிசி வந்தாயிற்று என்றே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
இருமுறை இறந்தும் இளைக்காத
உன் மாமா


மார்ச் 19

மாமா,

நிராகரித்துவிட்டார்கள். காரணம்: கடுமையான புகைப்பழக்கம், கடுமையான குடிப்பழக்கம், மறைக்கப்பட்ட இரு உயிராபத்துச் சம்பவங்கள். கடைசியாக, மனநிலை குறித்து ஐயம்.

வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை நீங்கள்.

அந்த டாக்டரிடமே பேசினேன். "எங்க மாமா சும்மா வெளையாடுவாருங்க" என்றேன். "வெளையாடறதுக்கு எங்க ஃபாரத்துல கட்டம் இல்லீங்க" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதே மாதிரி ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறேன். உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்களே கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு என் மூலமாக அனுப்பினால் மறுபடி பார்ப்பார்களாம். இந்த மாசத்துக்குள் போக வேண்டும். விட்டால் வேறு கம்பெனிக்கும் போக முடியாது, அங்கேயும் "இதற்கு முன் நிராகரிக்கப்பட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

யானைக் குட்டிகூட இருக்கக் கூடாது மாமா. உங்களால் முடியுமா என்று எனக்கே தெரியவில்லை.

இந்தத் தடவை நீதிபதி என்று கையெழுத்துப் போடவில்லை.


மார்ச் 25

காப்பீட்டு அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

நான் லிஃப்ட் மெக்கானிக். புகை, மது இரண்டும் எனக்குப் பழக்கமில்லை. இதுவரை விபத்து எதுவும் நடக்கவில்லை. போனில் சொன்னவை வேடிக்கைக்காகச் சொன்னவை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பதினோரு வருடமாக முடக்குவாதம் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். பழைய இன்சூரன்ஸ் போன பிறகு வாங்க முடியவில்லை. மிச்சம் இருந்ததை இழுத்துப் பிடித்து மாதத்துக்கு ஒன்று போட்டேன். இப்போது அதுவும் தீர்ந்துவிட்டது.

காலையில் விரல்கள் மடங்குவதில்லை. சட்டைப் பொத்தானை வாசலில் இருக்கும் காவலாளி போட்டுவிடுகிறார். பேனாவில் துணி சுற்றித்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் லிஃப்ட் குழிக்குள் ஸ்பானரை நழுவவிட்டேன். அதற்குச் சற்று முன்புவரை உதவியாளர் அந்தக் குழிக்குள்தான் நின்றிருந்தார். அதற்குப் பிறகு நான் மேலே நின்று ஸ்பானர் பிடிப்பதில்லை. கான்ட்ராக்டருக்குத் தெரியாது.

இவை உண்மை.

கையெழுத்து


ஏப்ரல் 17

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கவுன்டரில் வைத்துப் படித்தேன். பழக்கத்தில் பென்சிலை எடுத்துவிட்டேன். எண்ண ஒன்றும் இல்லை. வரிசையில் நின்றவர் "மேடம், மேடம்" என்று கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.

என் பக்கத்துச் சீட் அக்கா, "ஊசி விட்டுப்போன விஷயத்த அடிச்சிட்டு அனுப்புடி" என்றாள். அடிக்கவில்லை. அடித்தால் பாலிசி சுலபமாக வரும்; நாளைக்கு க்ளெய்ம் என்று போய் நிற்கும்போது அந்த வரியை வைத்தே விரட்டுவார்கள். தினமும் என் கவுன்டரில் அப்படி யாராவது அழுகிறார்கள்.

ஏற்றுக்கொண்டார்கள். பிரீமியம் இன்னும் கொஞ்சம் கூடும். மூட்டு சம்பந்தப்பட்ட எதற்கும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அடுத்த மாதத்திலிருந்து உண்டு. இதைவிட நல்லது கிடைக்காது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த மூன்று வருடத்துக்கும் ஊசியில் பாதிச் செலவு என்னுடையது. எங்கள் மருந்துக்கடையில் ஊழியர்களுக்குக் குறைத்துத் தருவார்கள். சனிக்கிழமை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்பீர்கள், இல்லை, அதை மறக்கடிக்க ஒரு கதை சொல்வீர்கள். இரண்டும் வேண்டாம். சரியா, இல்லையா, அது மட்டும் எழுதுங்கள். கான்ட்ராக்டரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்


ஏப்ரல் 22

மாட்சிமை தங்கிய நீதிபதி அவர்களுக்கு,

பாலிசி கிடைத்தது. என் இதயம், கல்லீரல், மண்ணீரல், அரண்மனைக் கோழியைப் போலக் கொழுத்த என் தொப்பை, அனைத்துக்கும் கம்பெனி காவல் நிற்கிறது. கை கால்களை மட்டும் மூன்று வருடம் நாடு கடத்தியிருக்கிறார்கள். இனி எனக்கு எந்த வியாதி வந்தாலும் பாதகமில்லை, இருக்கிற வியாதி மட்டும் வராமல் இருந்தால் போதும்.

கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டேன். கையை விரித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். போன் அறையில் உட்கார வைத்திருக்கிறார். சம்பளம் குறைவு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியடித்தால், ஆள் வரும்வரை அவர்களைப் பயப்படாமல் பேச்சுக்கொடுத்து வைத்திருக்க வேண்டும். நேற்று ஓர் அம்மாள், "லிஃப்ட் அறுந்து விழுந்துருமாங்க?" என்று அழுதார். இதே லிஃப்டில் ஒரு யானை ஏழாம் மாடிக்குப் போய்வந்த வரலாற்றைச் சொன்னேன். கதவைத் திறந்தபோது, "இருங்க, அது எப்படி எறங்குச்சின்னு கேட்டுட்டு வர்றேன்" என்றாராம்.

நீ கேட்டதற்குப் பதில்: சரி.

இதில் யானை இல்லை.

மாமா