ஏரிமேல் கிடந்த பச்சை

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் உன் தம்பிக்கு ஆறு நாளாக வயிற்றுப்போக்கு, இன்றுதான் எழுந்து உட்கார்ந்தான். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி. வகுப்பில் காட்டப் போகிறேன் என்று கேட்டு வாங்கினாயே, நம் நகரத்தின் பசுமை வரைபடம், அதைக் காட்டாதே. அது தப்பு. செய்தவன் நான். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவதை மரம், புல் என்று எடுத்துக்கொண்டுதான் நகரம் எவ்வளவு கார்பனை உறிஞ்சுகிறது என்று கணக்குப் போடுகிறோம். ஏரியை நீர் என்று தனியாக ஒதுக்க வேண்டும். இந்த வருடம் அங்கே நீரே தெரியவில்லை, முழுக்கப் பச்சை. பூங்காவைப் பெரிதாக்கியிருப்பார்கள் என்று அவசரத்தில் விட்டுவிட்டேன். பஸ்ஸில் இரண்டே நிறுத்தம், போய்ப் பார்க்கவில்லை. பசுமைத் தரவரிசையில் நகரத்துக்கு ஏழு மதிப்பெண் கூடியது, ஆபீஸில் எனக்குக் கைதட்டினார்கள்.

போன வாரம் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. சாக்கடை கலக்காமல் அது அப்படி மண்டாது. ஏரித் தண்ணிதானே குடிக்கிறீங்க, உங்க பக்கத்துலேருந்து இவன் ஒன்பதாவது ஆளு என்றார் டாக்டர். அந்த ஏழு மதிப்பெண்ணைக் காட்டித்தான் ஏரியைச் சுத்தம் செய்யும் வேலையைத் தள்ளி வைத்தார்கள். ஊரையே அளக்கிற மனுசன் ஏரியை ஒரு எட்டுப் போய்ப் பாக்கலையா என்று உன் அம்மா கேட்டாள்.

எங்கள் தலைமைப் பொறியாளரிடம் சொன்னேன். நகரத்துக்குப் பசுமை விருது வர்ற நேரத்துல ஏன்யா கிளறுற, அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம் என்றார். அதுவரை குழாயை யார் மூடி வைப்பது? வரைபடம் தப்பு என்று நேற்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். இன்று மதியம்வரை அவர் என்னைக் கூப்பிடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேலை போய்விடுமோ என்று பயம், அதைவிட, தாளை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்று பயம். வீட்டில் யார் குழாயைத் திறந்தாலும் ஓடிப்போய் நிற்கிறேன். முப்பத்தொன்பது வயதிலேயே தலை நரைத்துவிடும் போலிருக்கிறது.

நீ தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, அங்கே தேவையில்லை என்று வாதாடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. வரைபடத்தை ஏற்கெனவே காட்டிவிட்டாய் என்றால் மறுபடி எழுந்து நில். இதைச் செய்தது என் அப்பா, அவர் ஏரிக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று சொல். தலை குனியாதே, குனிய வேண்டியவன் நான்.

உன் அப்பா