பல்பு வெளிச்சத்தில் தெரியாத மஞ்சள்

உன்னைக் கொன்றவன் நம் கேம்ப் பாஸ். கம்பெனி கொடுத்த காகிதத்தில் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். நிற்காமல் என்ன செய்யும்? யார் செத்தாலும் கடைசியில் அது நின்றுதான் போகிறது.

போன மாதம் உன் கட்டிலுக்கு வந்த புது ஆள், இன்று காலை கட்டிலை இழுத்துப் போட்டுக் கூட்டினான். சுவரோரம் ஒரு சாக்குப் பை கிடந்தது. வாயை அவிழ்த்ததும் அறை முழுக்கக் காய்ந்த மத்தி மீனின் வாடை.

"என்னண்ணே இது, எலி செத்துக் கெடக்கா?"

"உரம்" என்றேன்.

"ரூமுக்குள்ள எதுக்குண்ணே உரம்?"

பதில் சொல்ல ஆரம்பித்தால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுந்து வெளியே வந்துவிட்டேன். இப்போது தண்ணீர் டேங்கின் நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் மனைவியின் கடிதம் நாலு வாரமாகச் சட்டைப் பையில் கிடக்கிறது. அதற்கு எழுத வேண்டிய பதிலை விட்டுவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எழுதியிருப்பது இதுதான்:

"அண்ணே, அவருக்கு என்ன நோயின்னு மட்டும் எழுதுங்க. குடிச்சே ஈரல் போச்சுன்னு இங்க பேசுறாங்க. எடுத்துக் காட்ட எங்கிட்ட ஒரு காயிதம் இல்ல."

வளைகுடாவுக்கு வந்து இந்த ராஸ் அல் கைமாவில் நீ குடித்ததெல்லாம் கேம்ப் டேங்கரின் உப்புத் தண்ணீர்தான். மலையை உடைத்து ஜல்லியாக்கிக் கப்பலில் ஏற்றுகிற இந்தக் கம்பெனிக்கு நாம் ஒரே நாளில் வந்து இறங்கினோம். ஒரே வயது, ஒரே அறை, ஒரே கிரஷர். ஊரில் நீ அரசாங்க விதைப்பண்ணையில் இரண்டு வருடம் தினக்கூலியாக இருந்தவன். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஊர் சுற்றியவன். பண்ணையில் கற்றதை விட முடியாமல் ஆறு நெய் டின்களில் தக்காளியும் மிளகாயும் வைத்தாய். வெளியே வைத்தால் கல் தூசி இலையை மூடிவிடும். தூசி விட்டதை ஆடு தின்றுவிடும். அதனால் அறைக்குள், ஏ.சி.க்காக வெட்டிய ஓட்டைக்குக் கீழே. ஏ.சி. கடைசிவரை வரவில்லை. ஓட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் வழியாக வந்த வெளிச்சம்தான் அந்தச் செடிகளுக்கு.

இரண்டாவது மாதம் அடி இலைகள் மஞ்சளாயின. தாகம் என்று நினைத்து, உனக்குத் தெரியாமல் தினமும் ஒரு குவளை ஊற்றினேன். ஒரு நாள் நீ டின்னுக்குள் விரலை விட்டு, எடுத்து, மோந்து பார்த்தாய்.

"எவன்டா தண்ணி ஊத்துனது?"

"காஞ்சு கெடந்துச்சேன்னு..."

"மேலதான்டா காயும். உள்ள வெரல விட்டுப் பாத்தியா? சேறா கெடக்கு. வேரு அழுகுனா அப்புறம் எங்கேருந்து குடிக்கும்?"

ஆணியால் டின்களின் அடியில் ஓட்டை போட்டாய். விளிம்பில் படிந்திருந்த வெள்ளை உப்பைச் சுரண்டினாய். மூன்று செடிகள் தேறின. மற்ற மூன்றில் மஞ்சள் நிற்கவில்லை. அவற்றில் ஓர் இலையைக் கிள்ளி நான் பல்புக்குக் கீழே நீட்டினேன். நீ சிரித்தாய்.

"பல்பு வெளிச்சத்துல உன் மூஞ்சியும் மஞ்சளாத்தான் தெரியுது. வெயில்ல பாக்கணும்டா."

அந்த வெள்ளிக்கிழமை வெயிலில் வைத்துக் காட்டினாய். நரம்போடு சேர்த்து முழு இலையும் வெளுத்திருந்தது. அடியில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்து மட்டும் பச்சை. "இது பசி. புதுசுக்குக் குடுக்க வேற வழி இல்லாம பழசுலேருந்து உறிஞ்சிக்கிது. கொழுந்து மொதல்ல மஞ்சளானா அது வேற கோளாறு. எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்."

"நம்ம கம்பெனி மாதிரி" என்றேன் நான்.

"ஒனக்கு எதப் பாத்தாலும் கம்பெனிதான். இது செடிடா. அதுக்குப் பசிக்குது, அவ்ளோதான்."

பேரீச்சந் தோட்டத்தில் மரத்துக்கு மத்தித் தூள் போடுவதைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்த பலூச்சிக்காரரிடம் ஒரு சாக்கு வாங்கி வந்தாய். அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் உன்னை அடிக்க வந்தார்கள். "இவன் செடிக்குச் சோறு போடுறான், நமக்குப் பொண வாடை போடுறான்" என்று கத்தினார்கள். நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தாய். இரண்டு வாரம் கழித்து மஞ்சள் இலைகள் பச்சையாகவில்லையே என்று கேட்டேன். "மஞ்சளானது திரும்பாதுடா. வர்ற எல பச்சையா வருதான்னு பாரு." பச்சையாகத்தான் வந்தது. முதல் மிளகாயை ஏழாக நறுக்கிக் கொடுத்தாய். அடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் வாங்கித் தின்றார்கள்.

அதன் பிறகு கப்பல்கள் வரிசையாக வந்தன. ஐந்து வாரம் வெள்ளிக்கிழமை லீவு கிடையாது என்றார்கள். விடியும் முன் லாரி ஏறுவோம். நாள் முழுக்கத் தலையிலும் முகத்திலும் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. திரும்பும்போது இருட்டியிருக்கும். அறையில் அந்த ஒற்றைப் பல்பு. ஐந்து வாரம் நான் உன் முகத்தை வெயிலில் பார்க்கவில்லை. சோறு நாறுகிறது என்று உன் தட்டை என் பக்கம் தள்ளினாய். நான் தின்றேன். அலுப்பு என்றாய். எனக்கும்தான் அலுப்பு. மூன்று தடவை கேம்ப் கம்பவுண்டரிடம் போனாய். அவருடைய அறையிலும் அதே பல்புதான். மூன்று தடவையும் அதே வெள்ளை மாத்திரை.

ஆறாவது வெள்ளிக்கிழமை லீவு விட்டார்கள். ஒரு தக்காளி இலையோடு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாய். வந்து பார்த்தேன். இலை பச்சையாக இருந்தது. உன் கண் இரண்டும் அரைத்த மஞ்சளைப் பூசினாற்போல் இருந்தன.

உன்னை இழுத்துக்கொண்டு கேம்ப் பாஸிடம் ஓடினேன். நமக்குப் பக்கத்துத் தாலுகாக்காரன். கம்பெனி லெட்டர் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். லெட்டர் அவன் மேஜைக்குள் இருந்தது.

"இன்னைக்கு ஆபீஸ் மூடியாச்சுப்பா. லெட்டர் மாஃபி, கெடையாது."

"கண்ணைப் பாருங்கண்ணே."

"சூடு தம்பி. மோர் குடிக்கச் சொல்லு, சரியாயிரும். நாளைக்கு டூட்டிக்கு வரட்டும், அப்புறம் பாப்போம். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

அவனை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. சனிக்கிழமை நீ டூட்டிக்குப் போனாய், நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை கிரஷருக்குப் பக்கத்தில் விழுந்தாய். அப்போது லெட்டர் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை நீ இல்லை. மறுநாள் கேம்ப் பாஸ் ஆளனுப்பி டின்களை வெளியே எறியச் சொன்னான். நான் டூட்டி முடிந்து வருவதற்குள் ஆடுகள் வேலையை முடித்திருந்தன.

ஆபீஸுக்கு மூன்று முறை போய், என்ன நோய் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கிளார்க் ஒவ்வொரு முறையும் அதே காகிதத்தின் நகலைத் தருகிறார். இருதயம், இருதயம், இருதயம். கம்பவுண்டரின் நோட்டைக் காட்டச் சொன்னேன். நோட்டு நிரம்பிவிட்டதாம், புதுசு போட்டாயிற்றாம்.

இப்போது எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வருகிறவனை வாசலில் நிறுத்தி, "கண்ணைக் காட்டு" என்கிறேன். புது ஆள் முதலில் பயந்தான். மற்றவர்கள் "டாக்டர் வந்துட்டாரு, கண்ணாடியக் கழட்டுங்கப்பா" என்று கேலி செய்கிறார்கள். ஆனாலும் காட்டுகிறார்கள். கீழ் இமையை இழுத்து வெயிலுக்குத் திருப்பிப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி லெட்டரில் ஒன்று, பெயர் எழுதாமல் ஸ்டாம்ப் மட்டும் குத்தியது, என் பெட்டியில் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதே.

உன் மனைவிக்கு மஞ்சள்காமாலை என்று நானே எழுதிவிடுவேன். காகிதம் இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன் என்று எழுதுவேன். அதுவல்ல என்னைத் தடுப்பது. அவள் கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறாள். "நாத்தைத் தூரத்துலேருந்து பாத்தே என்ன கொறைன்னு சொல்லுவாரே அண்ணே. அவரு ஒடம்பு அவருக்குத் தெரியலையா?"

இதற்கு நான் என்ன எழுதுவது? உன் மூத்திரம் எந்த நிறத்தில் போனது என்று உனக்குத் தெரியாதா? வேலைக்கு ஆகாத சீக்காளி என்று எழுதினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துதானே வாயை மூடிக்கொண்டிருந்தாய்? கேம்ப் பாஸிடம் மறைத்தாய், கம்பவுண்டரிடம் மறைத்தாய், சரி. கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து வாரம் படுத்திருந்தேன், உன் சோற்றையும் சேர்த்துத் தின்றேன். எனக்குமா மறைத்தாய்? அவளுக்கு எழுத வேண்டும். தெரியுமா, தெரியாதா? சொல்லுடா.