காலி என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கங்கள்

நம் மகளின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நிறைமாதக்காரி மகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

நான் இங்கே பிழைபார்க்கும் கணினி மொழி விதிநூலில், மூன்றாம் அத்தியாயம் இதுவரை எதுவும் வைக்காத இடத்தைக் ‘காலி’ என்கிறது. ஒன்பதாம் அத்தியாயமோ வைத்ததை எடுத்துவிட்ட இடத்தைக் ‘காலி’ என்கிறது. இதனால் ஒரே நிரல் இரண்டு கணினிகளில் இரண்டு விடை தருகிறது. என் வாசிப்பில்தான் கோளாறோ என்று பலமுறை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி மேலாளரிடம் சொன்னேன்.

“ரெண்டையும் எழுதினது நான்தான் ஐயா,” என்று சிரித்தார். “இன்னும் எத்தனை சொல் இப்படி முழிக்குதோ. எல்லாத்தையும் நீங்களே பாத்துக் குடுத்துட்டு ஊருக்குப் போங்க.”

தலையாட்டிவிட்டேன். அதற்குள் பிரசவமே ஆகிவிடும் என்பது இரவு அறைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

பொத்தான் தைக்க நூலை ஒற்றையாகக் கோப்பதா, இரட்டையாகவா? இங்கே கேட்க ஆளில்லை.

மீதி வேலையை வீட்டிலிருந்து செய்யலாமா என்று, மேலாளர் சாப்பிட்டு வந்ததும் கேட்கப்போகிறேன். கேட்ட பிறகுதான் உறையை ஒட்டுவேன். ஆகவே இது உன் கைக்கு வந்தால், நான் கேட்டுவிட்டேன் என்று பொருள்.

அவர் வந்துவிட்டார்.

உன் வீட்டுக்காரன்