இறந்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய பழக்கூடை

ஹேசல்டன்,
ஏப்ரல் 12, சனிக்கிழமை.

அன்புள்ள மசியேலுக்கு,

யுதெல்கா எழுதுவது. 'நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்' என்றுதான் தொடங்க வேண்டும். என் கையால் எழுதிய பொய்கள் ஏற்கனவே தேவைக்கு மேல் இருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போனில் என்னைத் தடை செய்துவிட்டாய். உன் அத்தை எண்ணுக்கு அழைத்தால் "மசியேல் குளிக்கிறா" என்கிறாள். மூன்று வாரமாகக் குளிக்கிறாய். நம் ஊர் பானியில் தண்ணீர்ப் பஞ்சம் என்றார்களே, காரணம் இப்போதுதான் புரிந்தது. சரி, சிரிக்க வேண்டாம். கடைக்கார ரமோனா அக்கா புனித வாரத்துக்கு ஊருக்கு வருகிறாள். அவள் யாருக்கோ வாங்கிய புதுச் செருப்புக்குள் சுருட்டி இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். தோல் நாற்றம் அடித்தால் அது என்னுடையது இல்லை.

நீ படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட அந்த நன்றிக் கடிதத்தில் என்ன இருந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பள்ளி முதல்வர் அறையில் இரண்டு வரிதான் வாசித்தார்களாம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பாதியில் கிழித்துவிடாதே.

உனக்குத் தெரியும், ஊரை விட்டு இங்கே பிழைக்க வந்த நம் மாதிரி வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தனியார் பள்ளியில் உட்கார முடிவது லாரிக் கம்பெனி முதலாளிகளால்தான். மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியில் பெரும்பங்கை நம் கட்டணத்துக்குக் கொடுத்தால் அவர்களுக்கு அந்த வரி கழிகிறது. பதிலுக்கு நாம் வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது வரியில் நன்றி எழுத வேண்டும். அவர்கள் வரி குறைய, நம் வரி நிறைய. இதை வகுப்பில் சொன்னபோது நீ ஒருத்திதான் சிரித்தாய். உன் அம்மா போன பிறகு நீ சத்தமாகச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. எனக்கு நாள்கூட ஞாபகம் இருக்கிறது, செவ்வாய்.

நம் வகுப்பில் உதவித்தொகை வாங்கும் பன்னிரண்டு பேருக்கும் நானே எழுதினேன். கூலி தலைக்கு ஒரு பாட்டில் மால்டா பானம். ஒருவனுக்குப் பார்வை மங்கச் செய்தேன், ஒருத்திக்கு ஏழு தம்பிகளைக் கொடுத்தேன். நீ வந்து நோட்டை நீட்டியபோது, "குடும்பத்தைப் பத்தி ஒரு பத்தி எழுதணுமாம்டீ, என்னால முடியலை. நீ எழுதிக்கோ. ஆனா எங்கம்மா போனதை மட்டும் தொடாத" என்றாய்.

நான் தொடவில்லை, மசியேல். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதுதான் கேவலம். கடிதத்தில் உன் அம்மா மிர்த்தா அத்தையை உயிரோடு விட்டேன். காலையில் எழுந்து மாவு பிசைந்து, கறி அடைத்த பாஸ்தெலித்தோ பொரித்து, கிடங்கு வாசலில் விற்று உன்னைப் படிக்க வைக்கிறாள் என்று எழுதினேன். எண்ணெய் தெறித்த கை, பூப்போட்ட சமையல் ஏப்ரன் எல்லாம் வைத்தேன். ஆனால் யாராவது செத்தால்தானே படிக்கிறவர் மூக்கைச் சிந்துவார்? அதனால் உன் அப்பாவைக் கொன்றேன். எலிசியோ மாமா குளிர்கிடங்கில் சரிந்த பெட்டிகளுக்குக் கீழே போனார், ஒன்றரை வரியில். எழுதி முடித்துவிட்டு மால்டா குடித்தேன்.

முதலாளி மூக்கைச் சிந்தினார். பழக்கூடை அனுப்பினார். அட்டையில், 'திருமதி மிர்த்தா அவர்களுக்கு, உங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதியிருந்தது. கதவைத் திறந்தது அந்தக் கணவர். கொண்டுவந்தவன் பேனாவை நீட்ட, மறைந்தவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் பழத்தைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அட்டையைத் தவிர எதுவும் மிஞ்சியிருக்காது. உன் அப்பா ஒரு திராட்சையைக்கூடக் கிள்ளாமல் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனார். "எங்கயோ ஒரு வீட்டுல நிஜமா ஒருத்தர் போயிருக்காரு, அவங்களுக்குச் சேர வேண்டியது, அட்டையில என் பொண்டாட்டி பேரு தப்பா ஏறி, மாறி வந்திருச்சு" என்று முதல்வர் மிஸஸ் டூடெக்கிடம் சொன்னாராம். அப்புறம்தான் உன் விண்ணப்பத்தை எடுத்தார்கள். அதில் தாய் இல்லை, தந்தை உண்டு. கடிதத்தில் தந்தை இல்லை, தாய் உண்டு. ஏதோ ஒன்று பொய், பொய் சொன்ன குடும்பத்துக்கு உதவித்தொகை கிடையாது.

உன்னை உள்ளே கூப்பிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, யார் எழுதியது என்று கேட்டபோது, நீ "நான்தான்" என்றாய். என் பேரைச் சொல்லியிருந்தால் பன்னிரண்டு கடிதமும் கிளறப்படும், பன்னிரண்டு பேரும் வெளியே போவோம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் அப்போது வெளியே நடைபாதையில் அறிவியல் வாத்தியாரின் குடைக்குள் காகிதத் துண்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு நடந்தாய். அதற்கப்புறம் நீ யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆயிரத்து எண்ணூறு பேர் படிக்கிற அரசுப் பள்ளியில் போட்டால் நீ மறுபடி வாயே திறக்க மாட்டாய் என்று பயந்துதான் மாமா உன்னைப் பானிக்கு உன் அத்தையிடம் அனுப்பினார். நம் வகுப்பில் பதினாலு பேர் இருந்தோம். இப்போது பதிமூன்று. உன் மேசையை யாரும் எடுக்கவில்லை. அதன் அடியில் நான் ஒட்டிய சூயிங்கம்கூட இருக்கிறது.

மிஸஸ் டூடெக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினார். அதுதான் பயங்கரமாக இருந்தது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "இதை நான் காகிதத்துல ஏத்தினா, அடுத்த வருஷம் ஒரு முதலாளியும் நம்ம பள்ளிக்குத் தர மாட்டான். பன்னிரண்டு பேரு இல்லை, தொண்ணூறு பேரு போவாங்க. நீ இதைச் சொல்லலை, நான் கேக்கலை" என்றார். பிறகு, உன் அப்பா புதிதாக ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு ஏப்ரல் 30க்குள் கொடுத்தால் செப்டம்பரில் உன்னைத் திரும்பச் சேர்க்கத் தானே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். படிவத்தை அவரே உன் வீட்டுக்கு அனுப்பியும் விட்டார்.

அது மூன்று வாரமாக உங்கள் சமையலறை மேசையில் கிடக்கிறது.

நேற்று அம்மா செய்த இனிப்புப் பீன்ஸ் பாயசத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். மாமா குளிர்கிடங்குச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். "வா வா, செத்தவன் வீட்டுக்குப் பலகாரமா" என்றார். அவர் கேலி பண்ணினால் நான் இரண்டு மடங்கு திருப்பித் தருவேன் இல்லையா, நேற்று கிண்ணத்தை மட்டும் மேசையில் வைத்தேன். படிவத்தைப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறார். தாய் என்ற கட்டத்தில் 'காலமானார்' என்று அழுத்தி எழுதியதில் காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தது. கையெழுத்து இடம் மட்டும் காலி.

ஏன் மாமா போடவில்லை என்று கேட்டேன். பாயசத்தைக் கிண்டினார். "அவ பொய் எழுதலை, பொண்ணே. அவளுக்கு யார் வேணும்னு எழுதியிருக்கா. நான் போயி அவ இருந்திருக்கலாம்னு ரெண்டு வருஷமா நானும்தான் நினைக்கிறேன். அதுல எங்களுக்குள்ள சண்டையே இல்லை. ஆனா என் கையெழுத்தைப் போட்டு, என் முகத்தைப் பார்த்துக்கிட்டு இங்கயே இருன்னு அவளை எப்படி இழுத்துட்டு வர?" என்றார்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மால்டா, பாஸ்தெலித்தோ, ஒன்றரை வரி, நீ கேட்டுக்கொண்டது, எல்லாம். கேட்டு முடித்து என் தலையில் கை வைத்தார். "நீ நல்ல சிநேகிதி. அவளைக் காப்பாத்தப் பார்க்கிற. ஆனா என் பொண்ணு என் பக்கத்துல உட்கார்ந்து, தன் வாயால சொன்னா. நீ வானொலியிலேர்ந்து பேசறேன்னு எனக்கு போன் பண்ணி, பரிசா மெத்தை விழுந்திருக்குன்னு சொன்னவ" என்றார்.

ஞாபகம் இருக்கிறதா அந்த மெத்தை? மூன்று வருஷம் முன்னால் குரலை மாற்றிப் பேசி, பரிசு விழுந்திருக்கிறது என்றேன். பழைய கட்டிலைத் தெருவில் போட்டுவிட்டு உன் அப்பாவும் அம்மாவும் நாள் முழுக்க வாசலில் காத்திருந்தார்கள். மிர்த்தா அத்தை அப்புறம் ஒரு வாரம் என்னை மெத்தைக்காரி என்றே கூப்பிட்டாள். அவ்வளவு சிரித்தோம். அன்று நான் சொன்ன பொய்யை நம்பினார். நேற்று என் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. என்னைப் பெற்றவளே நேற்றுக் காய்ச்சல் என்றபோது என் நெற்றியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அவர் நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். ரமோனா அக்கா இருபத்தாறாம் தேதி திரும்புகிறாள். அவளிடம் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. முப்பது வேண்டாம். 'அப்பா, அதை எழுதியது நான் இல்லை' என்று. இல்லையென்றால் நீயே கூப்பிட்டுச் சொல்லு. என்னோடு பேச வேண்டாம். திரும்பி வந்து அதே மேசையில் உட்கார்ந்து ஒரு வருஷம் முழுக்க என் பக்கம் திரும்பாமல் இரு. நான் ஒரு ஜோக்கும் சொல்ல மாட்டேன். ரமோனா அக்கா வெறுங்கையோடு வந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்போதும் ஏதாவது தோன்றும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கிளம்பும்போது பழக்க தோஷத்தில் "மாமா, ஆசி" என்று கேட்டேன். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், பொண்ணே" என்றார். நான் படி இறங்கிவிட்டேன். கதவைச் சாத்தாமல் நின்று, தெருவைப் பார்த்து, அதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். நீ போனதிலிருந்து அவரிடம் தினமும் ஆசி கேட்க வேண்டிய மகள் கேட்கவே இல்லையே.

முதல் ஆசி எனக்கு. இரண்டாவது என்னுடையது இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. செருப்புக்குள் பத்திரமாக வைத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்.

மன்னிப்புக் கேட்கவும் தகுதியில்லாத,
உன் யுதெல்கா