சூரியன் நகர்ந்ததை நீர் சொன்ன நாள்

அணுவிசை நுணுக்குக்காட்டியின் லேசர்ப் புள்ளியை ஊசித் தகட்டின் முதுகில் விழுத்தத் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். உம்முடைய நினைவு வந்துவிட்டது. நீர் காலமாகி ஆறு மாதமாகிறது. அந்தத் தகடு அசைவதை எந்தக் கண்ணாலும் காண முடியாது. அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி எவ்வளவு விலகுகிறது என்பதைக் கொண்டுதான் அறிகிறோம். இதையேதான் நீர் தொண்ணூற்றிரண்டில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஒரு சவர பிளேட்டை வைத்துச் செய்தீர்.

பழைய சஞ்சிகை ஒன்றில் படித்துவிட்டு, முதுமாணிப் பட்டத்துக்கு இதையே தலைப்பாக எடுத்தீர். நாம் ஒன்றாகப் படித்த துறையின் தலைவருக்கு நம்பிக்கையில்லை.

"கரண்டில்லாத ஊரில உது சரிவராது, பிள்ளை. வெள்ளிக்கிழமை செய்து காட்டும். இல்லாட்டில் தலைப்பை மாத்தும்."

நீர் மசிகிற ஆளா? யன்னலைத் தகரத்தால் மூடி ஓர் ஓட்டை போட்டீர். அதால் வந்த வெயில், ஒரு முனையை மட்டும் இறுக்கிய பிளேட்டில் பட்டு எதிர்ச்சுவரில் விழுந்தது. வெள்ளிக்கிழமை தலைவருக்கு முன்னால், நிமிடத்துக்கு ஓர் அரிசியாக நான் பிளேட்டின் நுனியில் வைக்க, ஒளி விலகிய தூரத்தை நீர் குறித்தீர். நூல் பிடித்தாற்போல நேர்கோடு! தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

ஏழாவது அரிசி என் கையிலிருந்து தவறி விழுந்தது. தேடியெடுத்து நிமிர்ந்தால், பாரம் கூடாமலே ஒளி விலகியிருந்தது.

"சேர், கையெழுத்து வைக்காதேங்கோ," என்றீர். "அரிசி போடாமலே வெளிச்சம் போகுது. சூரியன் நகர்ந்ததையும் சேர்த்தெல்லோ அளந்திருக்கிறம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?" என்று காதுக்குள் கேட்டேன்.

"பிழையெண்டால் பிழைதானே. ஒரு கிழமை தாங்கோ, சேர்."

அந்த ஏழு நாளைக்குள் பக்கத்திலேயே இன்னொரு பிளேட்டை அசையாமல் மரக்கட்டையில் ஒட்டினீர். சூரியன் இரண்டு ஒளியையும் ஒன்றாகவே நகர்த்தியது. இடைவெளியை மாற்றியது அரிசி மட்டுந்தான். தலைவர் கையெழுத்து வைத்தார்.

உமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை, அரிசி இல்லாமலே ஒளி விலகியதை உமக்கு முன்னமே நான் கண்டுவிட்டேன். உம்முடைய தலைப்புத் தப்பினால் போதுமென்று, முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கப் பார்த்தேன். நீர் வாய் திறந்தபோது கோபத்தை விட வெட்கமே பெரிதாயிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ அழகான நேர்கோடுகள் கையெழுத்துக் கேட்டு என் மேசைக்கு வந்துவிட்டன. சந்தேகம் இருந்த ஒன்றிலும் நான் வாய்மூடி இருந்ததில்லை.