ஸ்க்ரூ ஒன்று மிச்சம்

அன்புள்ள விஜயராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தையை விசாரித்ததாகச் சொல்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் பஞ்சு அடைத்து, சூடேறி அடிக்கடி நின்றது.

"ஏனுங்க ஜெயபாண்டி, கம்ப்ரசர்ல ஒரு ஊது ஊதுனாப் போச்சுங்க. எம்.ஏ. படிச்சவரு இதுக்கா யோசிக்கறீங்க?" என்றார் முதலாளி.

அந்தக் காற்றோடு தண்ணீரும் தெறிக்கும். பழைய கம்ப்யூட்டர் அப்படித்தான் கருகியது. ஊதச் சொன்னவர் இன்றும் முதலாளி. ஊதியவனுக்குத்தான் வேலை போயிற்று.

அதனால் ஒயரைப் பிடுங்கிவிட்டு, உள்விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, என் ஷேவிங் பிரஷ்ஷால் மெல்லத் துடைத்தேன். மூடிய பிறகு மேசையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிக் கிடக்கிறது. சுவிட்சைப் போடக் கை வரவில்லை; அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

புது பிரஷ் ஒன்று அனுப்பு. இங்கும் கிடைக்கும், நீ வாங்கியதாக இருக்கட்டும்.

முதலாளி படியேறி வருகிறார். சுவிட்சைப் போடுகிறேன்.

ஜெயபாண்டி