மின்தடைக்கு மறுநாள்

மதினி,

இன்றைய பேப்பரில் மின்தடை அறிவிப்பு வந்திருக்கிறது. பராமரிப்பு வேலைக்காக நாளை பகல் முழுக்க நம் தெருவில் கரண்ட் இருக்காது. படித்து முடிப்பதற்குள் என் கை கத்தரிக்கோலைத் தேடியது. அந்தக் கட்டத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவது உங்கள் பழக்கம். உங்களிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வீம்பாக இருந்தவள் நான்.

அண்ணன் பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குப் புத்தகம் கொண்டுவருவான். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தடவை புத்தகம் இல்லை. ஆபீசில் யாரோ பழசாகக் கொடுத்த ஒரு கைக்கணினி இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், குச்சியால் தொட்டு எழுதலாம். அதை நேராக உங்களிடம் நீட்டினான். பக்கத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

அதில் நாவல்கள் படிக்கலாம் என்று எனக்கு ஆசை. நீங்கள் ஒரு வாரம் நோண்டிவிட்டு, "இதுல இருக்கறத பூரா அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுரலாமுங்க" என்றீர்கள். அதை யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று விளக்கினீர்கள். எனக்கு 'அழிச்சுட்டு' மட்டும்தான் காதில் விழுந்தது. அண்ணன் தந்ததை அழிக்கிற உரிமை எவ்வளவு சீக்கிரம் உங்களுக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

லினக்ஸையோ பிறகு அதன் புதிய பதிப்புகளையோ ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் கைக்கணினி திரும்ப உயிர் பெறாது. அதனால் மின்தடைக்கு மறுநாளைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள். "நேத்தே எல்லா வேலயும் பாத்துட்டாங்க அத்தை, இன்னிக்குக் கரண்டப் புடுங்க மாட்டாங்க."

அம்மா சிரித்தாள். "நாங்க பஞ்சாங்கம் பாத்து நாள் குறிச்சோம். இவ ஈ.பி.காரனப் பாத்துல்ல குறிக்கிறா."

பெரிய கணினியிலிருந்து வரும் கேபிள் கைக்கணினியின் அடியில் லூசாக இருந்தது. அதை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. மணிக்கட்டு மரத்துப்போகும்வரை பிடித்தேன். "அம்மிணி, மூச்சு விடலாமுங்க. கேபிள் மட்டும் ஆடாமப் பாத்துக்கங்க" என்றீர்கள். வயதில் சின்னவளான என்னிடமும் உங்களுக்கு 'ங்க'தான். அது உங்கள் ஒட்டன்சத்திரத்து வழக்கம் என்று அம்மா சொன்னாள். நான் அதைத் தூரம் என்று எடுத்துக்கொண்டேன்.

கறுத்த திரையில் லினக்ஸின் அடையாளமான பென்குவின் வந்து உட்கார்ந்தது. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்களோ அண்ணனுக்குக்கூடப் போன் போடாமல் டயல்-அப் போட்டு, அந்த மென்பொருளைச் சேர்ந்து செய்கிறவர்களின் மின்மடல் குழுவுக்கு எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். "பாவம், ரெண்டு நாளா காத்துட்டிருக்காங்க." கேபிளை இன்னும் நான் விடவில்லை. இனி விடலாம் என்று நீங்கள் சொல்லவுமில்லை.

அதுவரை அண்ணனை எடுத்துக்கொண்டீர்கள் என்று உங்கள்மேல் பொறாமை. அன்றிலிருந்து முகம் தெரியாத அவர்கள்மேல். திரையில் தமிழ் சரியாக வர நீங்கள் மாதக்கணக்கில் உழைத்தீர்கள். ஒற்றைக்கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டு உங்களை அலைக்கழித்தது. அது முன்னால் வந்த அன்றும் முதல் செய்தி அவர்களுக்குத்தான். அங்கே உங்களுக்கு ஒரு செல்லப்பெயர் இருந்தது. அதை எனக்கு நீங்கள் சொன்னதேயில்லை.

ஒரே வாரக் காய்ச்சலில் நீங்கள் போனபோது, அண்ணனால் முடியாததால் குழுவுக்கு நான்தான் எழுதினேன். பதில்கள் குவிந்தன. கண்காணாத தூரத்து ஊர்க்காரர் ஒருவர், தன் தாயார் உங்களால்தான் அந்தச் சின்னத் திரையில் தமிழ் படிக்கிறார் என்று எழுதியிருந்தார். எல்லோரும் அந்தச் செல்லப்பெயரைச் சொல்லி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இவர்கள் யார் அழுவதற்கு என்றுதான் வந்தது.

அடுத்த வாரம் ஒருவர், தமிழ்க் கோப்புகளை இனி தான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். வேண்டாம், மதினி வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று உடனே பதில் போட்டேன். அப்போது எனக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது. உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்காருவதைப் பொறுக்க முடியாமல்தான் படிக்க ஆரம்பித்தேன், மதினி. அன்பினால் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

போன மாதம் முதல்முறையாகத் தனியாக ஏற்றினேன். எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, கேபிளைப் பிடிக்க யாருமில்லை. உங்கள் அப்பா ஊரிலுள்ள காய்கறி மண்டியிலிருந்து அனுப்பும் முருங்கைக்காய்க் கட்டுகளிலிருந்து கழற்றி, அடுக்களைக் கொக்கியில் நீங்கள் மாட்டிவைத்த ரப்பர் பேண்டுகள் கண்ணில் பட்டன. இரண்டை எடுத்துச் சுற்றினேன். கேபிள் இம்மியும் ஆடவில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.சி.ஏ. படித்த உங்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஒவ்வொரு முறையும் ரப்பர் பேண்டைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு, "அம்மிணி, செத்த வாங்க" என்று என்னைத்தானே கூப்பிட்டீர்கள்.

பொறாமை போய்விடவில்லை. அவர்களுடைய மடல்களில் உங்கள் செல்லப்பெயரைப் பார்த்தால் இன்றும் சுருக்கென்கிறது. ஆனால் மணிக்கட்டில் அந்த மரத்துப்போன நேரம் இருக்கிறது. அது அவர்கள் யாரிடமும் இல்லை.

நாளை மறுநாள் புதிய பதிப்பை ஏற்ற வேண்டும். ரப்பர் பேண்டுகள் கொக்கியிலேயே தொங்கட்டும். கேபிளைப் பிடிக்க அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"அம்புட்டு நேரமும் மூச்ச வேற அடக்கணுமாத்தா?" என்றாள்.

விடலாம், கேபிள் மட்டும் ஆடாமல் பார்த்துக்கொள் என்றேன்.